அங்ககச் சான்று: நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினி வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியை நிறுத்திப் பார்ப்பது உப்பளத்தைத்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். இந்தக் கரையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் மீனவ கிராமம் எக்கியார்குப்பம்.

2023 மே மாதம் இந்த ஊரின் பெயர் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து எக்கியார்குப்பத்தையும் அதன் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் அது என்று காவல்துறை சொன்னது. எத்தனாலும் மெத்தனாலும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரி ஒன்று போலவே இருக்கும். தொழிற்சாலையின் இருப்புப் பதிவேட்டுக்குள் இருக்க வேண்டிய சரக்கு, கணக்குக்கு வெளியே கசிந்து ஒரு குப்பம் வரை வந்து உயிரைக் குடித்துவிட்டது.

இந்தக் கட்டுரை சாராயத்தைப் பற்றியது அல்ல. இயற்கை விவசாய விளைபொருளுக்குக் கொடுக்கப்படும் சான்று, அந்தச் சான்றின் கணக்கைப் பராமரிக்கும் மென்பொருள், இவற்றின் வரலாறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒரு விஷயத்தை எதை வைத்து நம்புவது?

மூன்று வகைச் சரக்கு

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. 1970-ல் பிலிப் நெல்சன் என்ற பொருளியல் அறிஞர் சரக்குகளை இரண்டாகப் பிரித்தார். கடையில் பார்த்தவுடனே தரம் தெரிந்துவிடும் பொருள் ஒரு வகை. புடவையின் நிறம், கத்திரிக்காயின் பளபளப்பு எல்லாம் இதில் சேரும். வாங்கிப் பயன்படுத்தினால்தான் தரம் தெரியும் என்பது இரண்டாவது வகை. மாம்பழம் இனிப்பா புளிப்பா என்பது அறுத்துச் சாப்பிட்டால்தான் தெரியும்.

1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகும் தரம் தெரியாது! விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். இயற்கை விவசாயப் பொருள் இந்த மூன்றாவது வகைக்குச் சரியான உதாரணம். யூரியா போட்டு விளைந்த மணிலாவையும் தொழு உரம் போட்டு விளைந்த மணிலாவையும் ஒரே தட்டில் கொட்டினால் பிரித்து எடுக்க யாராலும் முடியாது. பரிசோதனைக் கூடத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் எச்சம் இல்லை என்பதால் மட்டும் அது இயற்கை முறையில் விளைந்தது என்று ஆகிவிடாது. விளைந்த விதத்தைத் தானியம் தன் மேல் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரிக்க முடியாவிட்டால் அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தையை விட்டே போய்விடுவார். கடைசியில் கெட்ட சரக்கு மட்டும் மிஞ்சும். இந்த ஆய்வுக்காக அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, போலி இயற்கைப் பொருளால் நஷ்டம் வாங்குபவருக்கு மட்டும் அல்ல. ரசாயனம் தொடாமல் கஷ்டப்பட்டு விளைவிக்கும் விவசாயிக்குத்தான் முதல் அடி. இந்த அடியைத் தடுக்க வந்ததுதான் சான்று.

உப்பளத்துப் பதிவேடு

பதிவேட்டை வைத்துச் சரக்கைத் தொடரும் வழக்கம் மரக்காணம் கரைக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இந்த ஊர் உப்பளங்களைப் பற்றிய குறிப்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. அதன் பிறகு அளத்தில் விளைந்த உப்பு எடை போடப்பட்டு, பதிவேட்டில் ஏறி, பணம் கட்டிய சீட்டு இருந்தால்தான் வெளியே போக முடியும். 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும், 1947-ல் உப்பு வரி ஒழிந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்தப் பதிவேடு அரசாங்கத்துக்கு வரி சேர்க்க எழுதப்பட்டது. உப்பு எடுத்தவரின் பெயர் அதில் இருந்தாலும் அதனால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. ஒரு பதிவேடு யாருக்காக எழுதப்படுகிறது என்ற இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

சான்று பிறந்த கதை

இயற்கை விவசாயத்துக்குச் சான்று என்ற எண்ணம் ஐரோப்பாவில் தோன்றியது. ருடால்ஃப் ஸ்டெய்னரின் உயிராற்றல் வேளாண்மையைப் பின்பற்றியவர்கள் 1928-ல் 'டிமீட்டர்' என்ற வணிக முத்திரையைக் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்தில் 1946-ல் தொடங்கிய மண் சங்கம் 1967-ல் தன் தர விதிகளை வெளியிட்டது. 1972-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் உலக அங்கக வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பான ஐஃபோம் உருவானது.

அதுவரை எல்லாம் தெரிந்தவர்களுக்குள் நடந்த விஷயம். விவசாயிகள் ஒருவருக்கொருவர் வயலைப் போய்ப் பார்ப்பார்கள், வாங்குபவருக்கும் விவசாயியைத் தெரிந்திருக்கும். வியாபாரம் பெருகி, சரக்கு கடல் கடந்து போகத் தொடங்கியதும் இது போதவில்லை. ஐரோப்பிய சமூகம் 1991-ல் 2092/91 என்ற எண்ணுள்ள விதியைக் கொண்டு வந்தது. அமெரிக்கா 1990-ல் சட்டம் இயற்றி 2002-ல் நடைமுறைப்படுத்தியது. 'ஆர்கானிக்' என்ற சொல்லைச் சான்று இல்லாமல் பொட்டலத்தின் மேல் போடக் கூடாது என்ற நிலை வந்தது.

இந்தியாவில் இது ஏற்றுமதி வழியாகத்தான் நுழைந்தது. மத்திய வர்த்தக அமைச்சகம் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தைக் கொண்டு வந்து 2001-ல் வெளிநாட்டு வணிகச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. கவனியுங்கள், இது வேளாண் அமைச்சகம் அல்ல, வர்த்தக அமைச்சகம். திட்டத்தை நடத்தும் பொறுப்பு வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவுக்குப் போனது. 2002-ல் 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை வந்தது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இந்தியாவின் சான்று முறையை அங்கீகரித்தன. தமிழ்நாட்டில் 2007-ல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு மாநில அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை தொடங்கப்பட்டது.

நோட்டுப் புத்தகக் காலம்

சான்று வாங்க ஒரு விவசாயி என்ன செய்ய வேண்டும்? பண்ணையின் விவரம், வரைபடம், மண் மற்றும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, ஆண்டுப் பயிர்த் திட்டம், நில ஆவணம் எல்லாம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு மாறுதல் காலம். ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடம். இந்தக் காலத்தில் ரசாயனம் போடக் கூடாது, விளைச்சலை முழு அங்ககச் சரக்கு என்று விற்கவும் முடியாது.

இதோடு ஒரு பண்ணைக் குறிப்பேடும் எழுத வேண்டும். விதை எங்கே வாங்கியது, எரு எத்தனை வண்டி, எந்தத் தேதியில் களை எடுத்தது, பக்கத்து வயலில் மருந்து அடித்தால் அது காற்றில் வராமல் இருக்க எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, எத்தனை மூட்டை விளைந்தது, யாருக்குப் போட்டது, எல்லாமே அதில் இருக்க வேண்டும். பகல் முழுவதும் வயலில் நின்றவர் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத வேண்டிய கணக்கு இது.

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் சான்று வாங்கினால் செலவு கட்டாது. அதனால் குழுச் சான்று முறை வந்தது. 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரு குழு. குழுவுக்குள்ளேயே உள் ஆய்வாளர்கள் இருப்பார்கள், ஒவ்வொரு வயலையும் வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். சான்று நிறுவனத்திலிருந்து வரும் வெளி ஆய்வாளர் எல்லா வயலுக்கும் போவதில்லை. சில வயல்களை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார். எத்தனை வயல் என்பதற்கு அடிப்படை வர்க்கமூலம். 400 பேர் இருந்தால் குறைந்தது 20 வயல். ஆபத்து அதிகம் என்று தோன்றினால் எண்ணிக்கை கூடும்.

மீதி 380 பேரின் நிலை? குழுவின் காகிதங்களை வைத்துத்தான் முடிவு. அந்தக் காகிதங்கள் ஒரு அலமாரியில் இருக்கும். குழுவிடம் வாங்கிய வியாபாரியின் பில் இன்னோர் ஊர் அலமாரியில், ஏற்றுமதியாளரின் காகிதம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. 50 டன் விளைந்த குழுவின் சான்றைக் காட்டி ஒரு வியாபாரியிடம் 50 டன், இன்னொருவரிடம் 50 டன் விற்றால் யார் கண்டுபிடிப்பது? காமர்ஸ் மாணவர்கள் பாஷையில் சொன்னால், ஒவ்வொருவரிடமும் ஒரு லெட்ஜர் இருந்தது, ஒத்துப் பார்க்க டிரயல் பாலன்ஸ் இல்லை.

திராட்சை சொல்லிக் கொடுத்த பாடம்

இந்த இடத்தில் கதைக்குள் திராட்சை வருகிறது. 2003-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன திராட்சையில் பூச்சிக்கொல்லி எச்சம் அளவுக்கு மேல் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது அங்ககத் திராட்சை அல்ல, சாதாரணத் திராட்சைதான். ஆனால் தவறு எந்தத் தோட்டத்தில் நடந்தது என்று உடனே சொல்ல வழி இல்லை. மகாராஷ்டிரத்தின் ஏற்றுமதித் திராட்சை விவசாயிகள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது.

அபெடா இதற்காக 'கிரேப்நெட்' என்ற இணைய வழி மென்பொருளை 2006-ல் கொண்டு வந்தது. ஏற்றுமதிக்கு விளைவிக்கும் ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரு பதிவு எண். பரிசோதனைக் கூடம் தன் முடிவை நேரடியாக அதே தளத்தில் ஏற்றும். முடிவு சரியில்லை என்றால் அந்தத் தோட்டத்துச் சரக்கு மேலே போகாது. ஐரோப்பாவில் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பவர் அது எந்தத் தோட்டத்துக் கொடியில் பறித்தது என்பது வரை பின்னால் வர முடியும்.

ஒரு தோட்டத்தின் தவறுக்கு அந்தத் தோட்டம் மட்டும் பொறுப்பு. நேர்மையாக இருந்தவர்கள் தப்பித்தார்கள். தரவுத்தளத்தால் விவசாயிக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான்.

பருத்தியும் டிரேஸ்நெட்டும்

அடுத்த அடி பருத்தியில் விழுந்தது. 2000-களின் கடைசியில் உலகிலேயே அதிகமாக அங்ககப் பருத்தி விளைவித்த நாடு இந்தியா. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஐரோப்பிய ஆர்டர்கள் அந்தப் பெயரில் வந்துகொண்டிருந்தன. ஆனால் 2002-லேயே மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு இந்தியா அனுமதி கொடுத்து, அது நாடு முழுக்கப் பரவியிருந்தது. அங்கக விதிப்படி மரபணு மாற்றிய விதை கூடவே கூடாது. 2010 ஜனவரியில் ஒரு ஜெர்மன் வணிக நாளிதழ், இந்தியாவிலிருந்து அங்ககப் பருத்தி என்று வரும் சரக்கில் மரபணு மாற்றிய பருத்தி கலந்திருக்கிறது என்று செய்தி போட்டது. பெரிய சர்ச்சை.

அதே 2010-ல் அபெடாவின் 'டிரேஸ்நெட்' நடைமுறைக்கு வந்தது. அங்ககச் சான்று ஆவணங்களுக்காகவே உருவாக்கிய இணைய வழித் தரவுத்தளம் இது. கிரேப்நெட்டின் அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திண்டிவனம் பக்கம் 100 மணிலா விவசாயிகள் ஒரு குழு, ஆளுக்கு ஓர் ஏக்கர். ஒவ்வொருவர் பெயரும், சர்வே எண்ணும், பரப்பும், பயிரும் தளத்தில் ஏறும். ஏக்கருக்கு 800 கிலோ மதிப்பீடு என்று வைத்துக்கொண்டால் குழுவின் மொத்தக் கணக்கு 80 டன். சான்று நிறுவனம் ஆய்வு செய்து, இன்ன குழு, இன்ன பயிர், இவ்வளவு அளவு என்று ஒரு சான்றிதழ் கொடுக்கும்.

குழு ஒரு மில்லுக்கு 30 டன் விற்கிறது. அந்த விற்பனைக்குத் தனியாக ஒரு பரிவர்த்தனைச் சான்று வேண்டும். தளத்திலேயே விண்ணப்பித்து, சான்று நிறுவனம் ஒப்புக்கொண்டதும் குழுவின் கணக்கில் 30 டன் கழியும், மில்லின் கணக்கில் 30 டன் ஏறும். குழுவிடம் மீதி 50 டன். அதற்கு மேல் ஒரு கிலோவுக்கும் சான்று கேட்க முடியாது. மில் அந்த 30 டன்னைத் தோல் உரித்தால் நூற்றுக்கு எழுபது பங்கு என்று 21 டன் பருப்பு வரும். 28 டன் பருப்புக்கு மில் சான்று கேட்டால் கேள்வி வரும்.

வங்கிக் கணக்கு மாதிரிதான். பணத்துக்குப் பதில் மணிலா, ரூபாய்க்குப் பதில் கிலோ. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்கும் பழைய தந்திரம் இதில் எடுபடாது. அலமாரி அலமாரியாகக் கிடந்த லெட்ஜர்கள் முதல் முறையாக ஒரே மேஜைக்கு வந்தன.

கணக்கு டேலி, சரக்கு?

அட, அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றுகிறதா? மேலே சொன்ன கணக்கையே இன்னொரு முறை பாருங்கள். மழை ஏமாற்றி அந்த வருடம் ஏக்கருக்கு 500 கிலோதான் விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மை விளைச்சல் 50 டன். தளத்தில் இருப்பதோ 80 டன். இடையில் இருக்கும் 30 டன்னுக்கு யாராவது வெளிச்சந்தையில் சாதாரண மணிலா வாங்கி உள்ளே சேர்த்தால்? மென்பொருளில் எல்லாம் கச்சிதமாக டேலி ஆகும். தட்டில் இருக்கும் சரக்கு மட்டும் பொய்.

கணினி கூட்டல் கழித்தலைச் சரி பார்க்கும். வயலுக்குப் போகாது. வயலைப் பற்றிய முதல் வரியை எழுதுவது ஒரு மனிதர். அந்த வரி பொய்யாக இருந்தால் அதற்கு மேல் கட்டிய மாடிகள் எல்லாம் பொய்.

இன்னொரு ஓட்டை இதை விட விசித்திரமானது. 2020 அக்டோபரில், உலக அங்கக ஜவுளித் தரமான காட்ஸ் அமைப்பு இந்தியாவில் ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிப் பரிவர்த்தனைச் சான்றுகள் உருவாக்கப்பட்டிருந்தன. சான்றில் கியூ.ஆர். குறியீடு இருக்கும். சந்தேகப்பட்டு அதை ஸ்கேன் செய்தால் அரசாங்கத் தளம் மாதிரியே ஒரு பக்கம் திறந்து, சான்று உண்மை என்று சொல்லும். அந்தப் பக்கமே போலி. அரசின் இணையதளத்தை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தார்கள்! சம்பந்தப்பட்ட 11 நிறுவனங்களுக்கு காட்ஸ் இரண்டு வருடத் தடை விதித்தது.

இதில் உண்மையான தரவுத்தளத்தை யாரும் உடைக்கவில்லை. மக்கள் அதன் மேல் வைத்திருந்த நம்பிக்கையைத்தான் திருடினார்கள்.

அதன் பிறகு அடி மேல் அடி. 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை இந்தியாவோடு 2006 முதல் இருந்த அங்கீகார ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமானால் சான்று நிறுவனங்கள் நேரடியாக அந்த நாட்டு அங்கீகாரத்தை வாங்க வேண்டும் என்றானது. ஐரோப்பாவில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவின் எச்சம் இருந்தது 2020-ல் தெரிய வந்தது. கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் இந்த வாயுவை உணவுப் பொருளில் பயன்படுத்த அங்கே தடை. அங்கக எள்ளிலும் அது இருந்தது. 2021 டிசம்பரில் ஐந்து இந்தியச் சான்று நிறுவனங்களின் அங்கீகாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் நீக்கியது.

அந்த ஐந்து நிறுவனங்களிடம் பதிவு செய்திருந்த எல்லா விவசாயிகளும் வாயு அடித்தார்களா என்ன? இல்லை. பெரும்பாலோருக்கு எத்திலீன் ஆக்சைடு என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் கையில் இருந்த சான்று ஐரோப்பாவில் செல்லாக் காசு ஆனது. வேறு நிறுவனத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. திராட்சையில் ஒரு தோட்டத்தின் தவறை அந்தத் தோட்டத்தோடு நிறுத்த முடிந்தது. இங்கே அது முடியவில்லை.

சான்று யாருடையது?

கடைசியில் தேவைப்படும் என்று முன்னால் சொன்ன கேள்வி இதுதான். குழுச் சான்றில் விவசாயியின் பெயர் பட்டியலில் இருக்கும். ஆனால் சான்று அவர் பெயரில் இருக்காது. குழுவின் பெயரில் இருக்கும், பல இடங்களில் குழுவை நடத்தும் கம்பெனியின் கையில் இருக்கும். செலவு செய்தது கம்பெனி, அதனால் பயனும் கம்பெனிக்கு. விவசாயி அந்தக் கம்பெனியோடு விலை ஒத்துவராமல் வேறு வியாபாரியிடம் போனால், அதே மணிலா, அதே வயல், ஆனால் சாதாரணச் சரக்கு. மூன்று வருட உழைப்பு மூட்டையோடு கூட வராது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடந்தது. அங்ககக் குழுப் பட்டியலில் தங்கள் பெயர் இருப்பதே தெரியாத விவசாயிகள் மத்திய இந்தியப் பருத்திப் பகுதியில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. பெயர் இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, மதிப்பிட்ட விளைச்சல் இருக்கிறது. ஆள் மட்டும் பி.டி. பருத்தி போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குத்தகைதாரர் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு நிலம் உழுபவர்கள் ஏராளம். தரவுத்தளம் கேட்பது சர்வே எண்ணையும் நில ஆவணத்தையும். பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் பெயர் இல்லாதவர் எவ்வளவு சுத்தமாக விவசாயம் செய்தாலும் அந்தக் கட்டத்தை நிரப்ப வழி இல்லை. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருபவரின் பெயர் உப்பு மூட்டை மேல் வருகிறதா? அது போலத்தான்.

இன்னொரு வழி

கம்பெனியும் வேண்டாம், வெளி ஆய்வாளரும் வேண்டாம், விவசாயிகளே ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லட்டும் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. இதற்குப் பங்கேற்பு உத்தரவாத முறை என்று பெயர். மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் இயங்கிய தேசிய அங்கக வேளாண்மை மையம் 2011-ல் இதை அரசுத் திட்டமாகத் தொடங்கியது. ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ உள்ள ஐந்து பேர் சேர்ந்தால் போதும், குழு ஆரம்பிக்கலாம். ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து ஆய்வுத் தாளை நிரப்புவார்கள். இதற்கும் தனியாக ஓர் இணையத் தரவுத்தளம் உண்டு. 2015-ல் தொடங்கிய பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா திட்டம் இந்த முறையைத்தான் நாடு முழுக்கக் கொண்டு போனது.

பக்கத்து வயல்காரரை ஏமாற்றுவது கஷ்டம். ராத்திரியில் யூரியா மூட்டை வந்து இறங்கினாலும் காலையில் டீக்கடையில் தெரிந்துவிடும். எந்த மென்பொருளிலும் இல்லாத வசதி இது. ஆனால் பக்கத்து வயல்காரர் மாமன் மச்சானாகவும் இருப்பார். பார்த்ததை எழுதுவாரா என்பது வேறு விஷயம். அதோடு, இந்தச் சான்று உள்நாட்டு விற்பனைக்குத்தான் செல்லும், ஏற்றுமதிக்குச் செல்லாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் கொண்டு வந்த அங்கக உணவு விதிகள் இரண்டு சான்றுகளையும் ஏற்றுக்கொண்டன. இரண்டுக்கும் பொதுவாக 'ஜைவிக் பாரத்' என்ற முத்திரையும் வந்தது.

2025-ல் வந்த மாற்றம்

தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் தன் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. மத்திய அரசு 2025 ஜனவரி 9 அன்று தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் எட்டாவது பதிப்பை வெளியிட்டது. டிரேஸ்நெட் 2.0-வும் அன்றுதான் வந்தது.

இதில் மென்பொருளின் புதிய வடிவத்தை விட முக்கியமானது ஒரு விதி. விவசாயிகளின் குழுவே சட்டப்படி ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். வெளிக் கம்பெனியின் உள் கட்டுப்பாட்டு அமைப்பாக, ஒரு பட்டியலாக மட்டும் இருந்தால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதி, குழுக்களுக்குச் சட்டத் தகுதி வேண்டும் என்று கேட்டதும் இந்த மாற்றத்தோடு ஒத்துப் போகிறது. காகிதத்தில் சொன்னபடி நடந்தால், சான்று விவசாயிகளின் சொந்த அமைப்பின் பெயரில் இருக்கும். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் சான்றோடு அடுத்த கடைக்குப் போகலாம்.

இருபத்தைந்து வருடமாக இந்த வரலாற்றில் மென்பொருள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கிலோவைப் பிடித்தது, மூட்டையைப் பிடித்தது, கன்டெய்னரைப் பிடித்தது. முதல் வரியை எழுதும் மனிதரைப் பற்றி இப்போதுதான் விதி யோசிக்க ஆரம்பித்திருக்கிறது. தன் பெயரில் சான்று இருப்பவருக்கு அதைக் காப்பாற்ற ஒரு காரணம் இருக்கும். பட்டியலில் 317-வது பெயராக மட்டும் இருப்பவருக்கு என்ன காரணம் இருக்கும்?

மறுபடியும் உப்பளம்

ஐரோப்பாவின் அதே 2018/848 விதியில் ஒரு சுவாரசியம் உண்டு. அங்ககச் சான்று பெறக்கூடிய பொருட்களின் பட்டியலில் கடல் உப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உப்பு ஒரு பயிர் அல்ல, அதற்கு விதையும் இல்லை உரமும் இல்லை. ஆனாலும் கடல் தண்ணீர் எவ்வளவு சுத்தம், எப்படிக் காய்ச்சினார்கள், எதைக் கலந்தார்கள் என்ற கேள்வி உப்புக்கும் உண்டு. ஒருநாள் மரக்காணத்து உப்புக்கும் அப்படி ஒரு சான்று வரலாம். அளத்தின் எண், பாத்தியின் எண், தேதி, எடை எல்லாம் ஒரு தளத்தில் ஏறலாம்.

அப்படி வந்தால் அங்கேயும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். எடை போட்டு முதல் வரியை எழுதுபவர் யார்? அந்த வரி உண்மையாக இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும், பொய்யாக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

எக்கியார்குப்பத்தில் 2023-ல் நடந்தது இதன் கடுமையான எல்லை. ஒரு பதிவேட்டிலிருந்து வெளியே போன சரக்குக்கு அந்தக் குப்பம் உயிரை விலையாகக் கொடுத்தது. அங்ககச் சான்றில் பொய் எழுதினால் உடனே யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் ஊருக்கு ஒருவராக, யாரும் கவனிக்காமல், நேர்மையான விவசாயி அந்தச் சந்தையை விட்டுப் போய்விடுவார். அகெர்லாஃப் 1970-லேயே சொன்னது அதைத்தான். அவர் போன பிறகு எவ்வளவு நல்ல மென்பொருள் வைத்திருந்தாலும் அதில் ஏற்றுவதற்கு உண்மையான சரக்கு இருக்காது.